பாஸ்கராசாரியரும் முத்து விழுந்த கதையும்

தில்லி கிட்வாய் நகரின் அரசுக் குடியிருப்புகளில் தமிழ்க் குடும்பங்கள் நெடுங்காலமாக வாழ்ந்து வருகின்றன. அங்கே ஓர் அன்பரின் இல்லத்தில் ஞாயிறுதோறும் நடைபெற்ற குழந்தைகள் வகுப்பிற்கு அடியேன் சில காலம் சென்று வந்ததுண்டு. சுலோகமும் பஜனையும் நிறைவுற்ற பின் ஒரு கதை சொல்வது வழக்கம். ஆண்டுத் தேர்வு நெருங்கிய ஒரு வாரம், கணக்கு என்ற சொல்லைக் கேட்டாலே முகம் வாடிய பிள்ளைகளைத் தேற்றும் பொருட்டு லீலாவதியின் கதையைச் சொன்னேன்.

வாசகர்களில் பலரும் அறிந்த கதைதான். பாஸ்கராசாரியருக்கு லீலாவதி என்றொரு மகள். அவளுக்கு இல்லறப் பேறு இல்லை என்று ஜாதகம் கூறியது. தந்தையோ விடாமல் கணித்து, அக்குறையை விலக்கவல்ல ஒரே ஒரு முகூர்த்தத்தைக் கண்டறிந்தார். அந்தக் கணத்தைத் தவறவிடாதிருக்க, அடியில் நுண்ணிய துளையிட்ட நாழிகை வட்டில் ஒன்றைத் தண்ணீரில் மிதக்கவிட்டார். அது நிரம்பி மூழ்கும் வேளையே முகூர்த்த வேளை. மணக்கோலத்தில் இருந்த சிறுமி ஆவல் மேலிட அதன்மீது குனிந்து பார்த்தாள். அவள் அணிந்திருந்த முத்து ஒன்று உதிர்ந்து துளையை அடைத்துக்கொண்டது. நீர் புகவில்லை, வட்டில் மூழ்கவில்லை, முகூர்த்தம் கடந்து போயிற்று. மனமுடைந்த மகளைத் தேற்றுவதற்காக, அவள் பெயர் உலகில் நிலைத்து நிற்கும்படி ஒரு கணித நூலை இயற்றிக் கொடுத்தார் தந்தை.

கதை முடிந்ததும் ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்து, அந்த நூலில் உள்ள கணக்கு ஒன்றைச் சொல்லுமாறு கேட்டாள். அடியேனுக்கு ஒன்றும் தெரியவில்லை. இக்கதையைப் பல இடங்களில் உருக்கமாகச் சொல்லியிருக்கிறேன். நூலைத் திறந்து பார்த்ததில்லை. அடுத்த வாரம் சொல்வதாக வாக்களித்துவிட்டு வந்து நூலகத்தில் தேடி எடுத்துப் படிக்கத் தொடங்கினேன். இக்கட்டுரை அந்தப் படிப்பின் பயன்.

தாமே சொன்ன வரலாறு

நம் முன்னோர் பெரும்பாலும் தம்மைப் பற்றி எழுதாமல் சென்றுவிட்டனர். பாஸ்கராசாரியர் அந்த வழக்கத்திற்கு விலக்கு. சக ஆண்டு 1036-இல், அதாவது கி.பி. 1114-இல் தாம் பிறந்ததையும், முப்பத்தாறாவது வயதில் 'சித்தாந்த சிரோமணி'யை இயற்றியதையும் அந்நூலிலேயே பதிவு செய்துள்ளார். சாண்டில்ய கோத்திரத்தினர். தந்தையின் பெயர் மகேசுவரர். அவரே குருவுமாவார். தாம் கற்றதெல்லாம் அவரிடமிருந்தே என்று பணிவோடு குறிப்பிடுகிறார். சஹ்யாத்ரி மலைப்பகுதியைச் சார்ந்த விஜ்ஜடவிடம் என்பது அவர் கூறும் ஊர். இன்றைய கர்நாடகத்தின் பீஜாப்பூரே அது என்பர் ஒரு சாரார். மகாராஷ்டிரத்தில் சாளீஸ்காவுக்கு அருகிலுள்ள பாடண் பகுதியே என்பர் மற்றொரு சாரார்.

1150-இல் நிறைவுற்ற 'சித்தாந்த சிரோமணி' நான்கு பகுதிகளை உடையது. எண் கணிதமும் அளவைகளும் கூறும் 'லீலாவதி', இயற்கணிதம் கூறும் 'பீஜகணிதம்', கோள்களின் இயக்கத்தைக் கணிக்கும் 'கிரக கணிதம்', வானக் கோளத்தை விளக்கும் 'கோளாத்தியாயம்' என்பன அவை. அறுபத்தொன்பதாம் வயதில், 1183-ஆம் ஆண்டைத் தொடக்கமாகக் கொண்டு, பஞ்சாங்கம் கணிப்போர்க்கு உதவும் 'கரண குதூஹலம்' என்ற சிறு நூலையும் செய்தார். முப்பத்தாறு வயதில் எல்லாவற்றையும் முழுமையாக விளக்கியவர், முதுமையில் அன்றாட வேலைக்கு எளிய கையேடு எழுத அமர்ந்திருக்கிறார். இது அடியேனுக்கு மிகவும் பிடித்த செய்தி.

வண்டும் மூங்கிலும்

'லீலாவதி'யைத் திறந்தவுடன் நாம் காண்பது நம் பள்ளிப் பாடநூலைத்தான். கூட்டல், கழித்தல், வர்க்கம், வர்க்கமூலம், பின்னங்கள், வட்டி, தொடர், முக்கோணம், வட்டம், நிழலளவு என்று வரிசையாக வருகின்றன. செங்கோண முக்கோணத்தின் நீண்ட பக்கத்தைத் தமிழ்ப் பிள்ளைகள் கர்ணம் என்று சொல்கிறார்களே, அச்சொல் பாஸ்கரர் ஆண்ட சொல்லேயாகும். ஆங்கில வழியில் படிக்கும் பிள்ளைகளின் சைன் என்ற சொல்லுக்கும் மூலம் நம் 'ஜ்யா' என்பதுதான். வில்லின் நாண் என்பது அதன் பொருள். அதன் மறுவடிவமான 'ஜீவா' அரபு மொழிக்குச் சென்று எழுத்து மயக்கத்தில் வேறு பொருள் கொள்ளப்பட்டு, இலத்தீனில் வளைவைக் குறிக்கும் சொல்லாக மொழிபெயர்க்கப்பட்டது. மொழிபெயர்ப்புப் பணியில் இருக்கும் அடியேனுக்கு இச்செய்தி சற்று அச்சமூட்டுவதாகவே இருக்கிறது.

ஆயினும் கணக்குகளை அவர் சொல்லும் முறை நம் பாடநூல்களில் இல்லை. ஒரு வண்டுக் கூட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு கடம்ப மலருக்குச் செல்கிறது. மூன்றில் ஒரு பங்கு சிலீந்திர மலருக்குச் செல்கிறது. இவ்விரண்டின் வேறுபாட்டைப் போல் மும்மடங்கு குடச மலரை நாடுகிறது. எஞ்சியது ஒரே ஒரு வண்டு. அது தாழையின் மணமும் மல்லிகையின் மணமும் ஒருசேர இழுக்க, எங்கும் செல்ல மாட்டாமல் வானில் அலைகிறது. வண்டுகள் எத்தனை? கூட்டத்தைப் பதினைந்து பங்காகக் கொண்டால் முதலில் மூன்று பங்கு, அடுத்து ஐந்து பங்கு, வேறுபாடு இரண்டின் மும்மடங்காக ஆறு பங்கு. ஆகப் பதினான்கு போக மீதி ஒரு பங்கே அந்தத் தனி வண்டு. எனவே விடை 15.

மற்றொரு கூட்டத்தில், பாதியின் வர்க்கமூலம் அளவு வண்டுகள் ஒரு மலர்ச்செடிக்குப் போயின. மொத்தத்தில் ஒன்பதில் எட்டுப் பங்கும் அவற்றோடு சென்றன. எஞ்சியவை இரண்டு. மணத்தில் மயங்கி இரவில் தாமரைக்குள் அடைபட்டு முரலும் ஆண் வண்டு ஒன்று, வெளியே இருந்து அதற்கு மறுகுரல் கொடுக்கும் பெண் வண்டு ஒன்று. விடை 72. பத்தாம் வகுப்பில் இருபடிச் சமன்பாடு என்று பயிலுகிறோமே, அதுவே இது. மணத்தால் மாயும் வண்டை நாம் மேடைகளில் புலன்வழிப் பற்றுக்கு உவமையாகவே கூறிப் பழகிவிட்டோம். பாஸ்கரர் அதே வண்டைக் கொண்டு வர்க்கமூலம் கற்பித்தார் என்பதை அறிந்தபோது சற்று வெட்கமாகவும் மிகவும் மகிழ்ச்சியாகவும் இருந்தது.

முப்பத்திரண்டு முழ மூங்கில் காற்றில் முறிந்து, அதன் நுனி அடியிலிருந்து பதினாறு முழத்தில் தரையைத் தொடுகிறது; எந்த உயரத்தில் முறிந்தது என்பது ஒரு கணக்கு. பன்னிரண்டு முழம் என்பது விடை. பன்னிரண்டின் வர்க்கமும் பதினாறின் வர்க்கமும் சேர்ந்து இருபதின் வர்க்கமாகின்றன. பன்னிரண்டும் இருபதும் முப்பத்திரண்டு. முறிந்த மூங்கிற் கணக்கு பாஸ்கரருக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட சீன நூலிலும் உண்டு என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். எல்லாம் நம்மிடமே தொடங்கின என்று முழங்குவது பாஸ்கரருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. அவரோ தமக்கு முன்னிருந்த பிரம்மகுப்தர், ஸ்ரீதரர், பத்மநாபர் ஆகியோரின் விரிந்த நூல்களிலிருந்து சாரத்தைத் திரட்டித் தந்ததாகவே பீஜகணிதத்தின் இறுதியில் எழுதுகிறார். இருபடிச் சமன்பாட்டைத் தீர்க்கும் விதியை ஸ்ரீதரருடையது என்று பெயர் சொல்லியே எடுத்தாள்கிறார். ஸ்ரீதரரின் இயற்கணித நூல் மறைந்துவிட்டது. வட இந்தியப் பள்ளிகளில் இன்றும் ஸ்ரீதராசாரியர் சூத்திரம் என்று அது வழங்குவதற்குக் காரணம், பாஸ்கரர் அந்தப் பெயரை மறைக்காமல் விட்டதுதான்.

பக்தர்களுக்கு உவப்பான கணக்கும் உண்டு. சங்கு, சக்கரம், கதை, தாமரை ஆகிய நான்கையும் நான்கு திருக்கரங்களில் மாற்றி மாற்றி ஏந்தினால் திருமாலுக்கு எத்தனை திருவுருவங்கள் அமையும் என்று கேட்கிறார். நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று ஆகியவற்றைப் பெருக்க 24 வரும். கேசவன் முதலிய இருபத்து நான்கு மூர்த்திகளைச் சிற்பிகள் வேறுபடுத்திக் காட்டுவது இந்த ஆயுத வரிசையைக் கொண்டே. பத்துக் கரங்களில் பத்துப் பொருள்களை ஏந்தும் சிவபெருமானுக்கோ இந்த எண்ணிக்கை 36,28,800 ஆகிவிடுகிறது. பதினோராம் வகுப்பில் வரிசை மாற்றங்கள் என்ற தலைப்பைக் கண்டு அஞ்சும் மாணவன், கோயில் தூணருகே நின்று இதைக் கற்றிருந்தால் அஞ்சியிருப்பானா என்று எண்ணிப் பார்க்கிறேன்.

சூனியத்தின் முன்னே

தத்துவம் பயின்றவனுக்கு நெஞ்சைத் தொடும் இடம் பீஜகணிதத்தில் சூனியத்தைப் பற்றிய பகுதி. பூஜ்யத்தை வெறும் இடம் நிரப்பும் குறியாகக் கொள்ளாமல், ஓர் எண்ணாகவே ஏற்று அதற்குக் கூட்டலும் கழித்தலும் பெருக்கலும் வகுத்தவர் பிரம்மகுப்தர். அது கி.பி. 628. ஆனால் ஓர் எண்ணைப் பூஜ்யத்தால் வகுத்தால் என்னாகும் என்ற இடத்தில் அறிஞர்கள் தடுமாறினர். எண் மாறாமல் அப்படியே நிற்கும் என்றார் ஒன்பதாம் நூற்றாண்டின் மகாவீரர். பாஸ்கரர் அதற்குக் 'கஹரம்' என்று பெயரிட்டு, அது எல்லையற்ற அளவு என்றார். அதனோடு எதைக் கூட்டினாலும் எதைக் கழித்தாலும் அதில் மாற்றம் நிகழாது. படைப்புக் காலத்தில் எண்ணற்ற உயிர்கள் வெளிப்பட்டாலும், பிரளயத்தில் அவை அனைத்தும் ஒடுங்கினாலும், அனந்தனாகிய அச்சுதனிடம் எவ்வாறு கூடுதலோ குறைவோ இல்லையோ அவ்வாறே இதுவும் என்பது அவர் காட்டும் உவமை.

பூரணத்திலிருந்து பூரணத்தை எடுத்தாலும் பூரணமே எஞ்சுகிறது என்ற உபநிடதக் கருத்தில் ஊறிய நமக்கு இது தேனாக இனிக்கிறது. வேதாந்தத்தைக் கணிதம் நிரூபித்துவிட்டது என்று சொல்லிவிடலாம் போலத் தோன்றுகிறது. அடியேனும் அவ்வாறே ஒரு சொற்பொழிவில் சொல்லத் துணிந்திருந்தேன். கணிதப் பேராசிரியரான அன்பர் ஒருவர் அன்போடு தடுத்தார். இன்றைய எண் கணிதத்தில் பூஜ்யத்தால் வகுத்தல் என்ற செயலே இல்லை. ஒன்றைப் பூஜ்யத்தால் வகுத்தாலும் இரண்டைப் பூஜ்யத்தால் வகுத்தாலும் ஒரே அனந்தம் வருமென்றால், ஒன்றும் இரண்டும் சமம் என்று ஆகிவிடும். பாஸ்கரரே வேறோரிடத்தில், பூஜ்யத்தால் பெருக்கிய எண்ணைப் பூஜ்யத்தால் வகுத்தால் பழைய எண் திரும்பக் கிடைக்கும் என்று விதித்து ஒரு கணக்கும் தருகிறார். ஓர் எண்ணைப் பூஜ்யத்தால் பெருக்கி, அதனோடு அதன் பாதியைக் கூட்டி, மும்மடங்காக்கிப் பூஜ்யத்தால் வகுத்தால் 63 என்பது அந்தக் கணக்கு. விடை 14 என்கிறார். பூஜ்யத்தைப் பூஜ்யமாகவே கொண்டால் இது பொருந்தாது. மிக மிகச் சிறுத்துக்கொண்டே போகும் ஓர் அளவாகக் கொண்டால் பொருந்துகிறது. பிற்காலத்து நுண்கணிதத்தின் வித்து இங்கே இருப்பதாகச் சில ஆய்வாளர்கள் கருதுவது இதனால்தான். கோள்களின் வேகத்தை ஒரு நாளைக்கு இவ்வளவு என்று சொல்வதோடு நில்லாமல், அந்தக் கணத்தின் வேகம் என்ற கருத்தையும் அவர் ஆள்கிறார் என்பதை இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஆகவே உவமையை உவமையாகவே வைத்துக்கொள்வது நல்லது. உவமானம் பிரமாணம் ஆகும் இடம் வேறு, அணியாக நிற்கும் இடம் வேறு என்பது நியாய சாஸ்திரத்தின் தொடக்கப் பாடம். எண்ணைத் தொடர்ந்து சென்று ஓர் எல்லையில் நின்ற அறிஞர் அங்கே இறைவனை நினைத்தார். அது அவருடைய பக்தி. அதை நம் கொள்கைக்குச் சாட்சியாகக் கூண்டில் ஏற்றுவது நம் அவசரம்.

அவருடைய ஆற்றல் ஐயத்திற்கு இடமின்றி வெளிப்படும் இடம் சக்கரவாள முறை. ஓர் எண்ணின் வர்க்கத்தை 61-ஆல் பெருக்கி ஒன்றைக் கூட்டினால் மற்றோர் எண்ணின் முழு வர்க்கம் கிடைக்க வேண்டும். அவ்விரு எண்களும் யாவை? கேட்க எளிது. முயன்று பார்த்தால் ஆயுள் போதாது. விடையில் சிறிய எண் 22,61,53,980. பெரிய எண் 176,63,19,049. இவற்றைவிடச் சிறிய விடை இல்லை. ஒரு முயற்சியின் எச்சத்தை அடுத்த முயற்சிக்கு உணவாக்கி, சக்கரம் போலச் சுழன்று விடையை அடையும் இம்முறை அவருக்கு முன் ஜயதேவர் என்பவராலும் அறியப்பட்டிருந்தது. பாஸ்கரர் அதைத் தெளிவாக்கி 61-க்குச் செய்து காட்டினார். 1657-இல் பிரெஞ்சு மேதை ஃபெர்மா ஐரோப்பிய அறிஞர்களுக்கு இதே வகைக் கணக்கை, இதே 61-ஐயும் குறிப்பிட்டு அறைகூவலாக விடுத்தார். தக்கிணத்தில் ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஓலையில் விடை இருந்ததை அவர் அறியார்.

முத்து எங்கிருந்து வந்தது?

நூல் முழுவதையும் படித்த பின்னும் அந்த முத்தை மட்டும் காணவில்லை. 'லீலாவதி'யில் முகூர்த்தமும் இல்லை, நாழிகை வட்டிலும் இல்லை. மான் விழியாள் ஒருத்தியைப் பெயர் சொல்லி விளித்துக் கணக்குக் கேட்கும் இடங்கள் உண்டு. ஆயின் நண்பனே என்றும் கணக்கரே என்றும் விளிப்பதும் உண்டு. சில விளிகள் ஒரு தந்தை மகளை நோக்கிக் கூறத் தகுந்தவையாகவே இல்லை. அவள் மனைவி என்பாரும் உண்டு, விளையாட்டாய் அமைந்த நூலையே பெண்ணாக உருவகித்தார் என்பாரும் உண்டு.

பாஸ்கரரின் குடும்பத்தைப் பற்றி நமக்குக் கிடைத்துள்ள உறுதியான சான்று பாடணில் உள்ள கல்வெட்டு. 1207-ஆம் ஆண்டைச் சேர்ந்த அதனை டாக்டர் பாவு தாஜி 1865-இல் அறிஞருலகின் பார்வைக்குக் கொண்டுவந்தார். பாஸ்கரரின் முன்னோர் ஆறு தலைமுறையினர், மகன் லட்சுமிதரர், பேரன் சாங்கதேவர் ஆகியோர் அதில் இடம்பெறுகின்றனர். யாதவ மன்னன் சிங்கணனின் அவையில் சோதிடராக இருந்த சாங்கதேவர், தம் பாட்டனாரின் நூல்களைக் கற்பிப்பதற்கென்றே ஒரு மடம் நிறுவினார். கல்வெட்டின் ஒரு பகுதி பழைய மராட்டியில் உள்ளது. சந்தையில் விற்கும் பொருள்களின்மீது அரசுக்குரிய பங்கை மடத்திற்கு விட்டுக்கொடுத்ததையும், செக்குகளிலிருந்து கரண்டிக் கணக்கில் எண்ணெய் அளிக்க வேண்டியதையும் அது கூறுகிறது. மாணவர்கள் இரவில் கணிதம் பயில அந்த எண்ணெயில் விளக்கெரிந்திருக்கும் என்று எண்ணிக்கொள்கிறேன். அந்தக் கல்லில் லீலாவதி என்ற பெயர் இல்லை.

முத்துக் கதை முதலில் காணப்படுவது பாஸ்கரருக்கு நானூறு ஆண்டுகளுக்குப் பின்னர்தான். அக்பர் சக்கரவர்த்தியின் ஆணைப்படி அவைக்கவிஞர் ஃபைஸி 1587-இல் 'லீலாவதி'யைப் பாரசீகத்தில் பெயர்த்தார். அதன் முன்னுரையில் இக்கதை வருகிறது. ஷாஜஹான் காலத்தில், 1630-களில், தாஜ்மகாலை வடிவமைத்தவராகக் கருதப்படும் உஸ்தாத் அகமது லாஹோரியின் மகன் அதாஉல்லா ரஷீதி பீஜகணிதத்தைப் பாரசீகமாக்கினார். 1817-இல் கோல்புரூக் இவ்விரண்டையும் நேரே சம்ஸ்கிருதத்திலிருந்து ஆங்கிலமாக்கினார். தில்லிக் கல்லூரியில் ஆசிரியராயிருந்த இராமச்சந்திரர், நம் நாட்டவரின் பீஜகணித மரபுக்குப் புத்துயிரூட்டும் நோக்கத்தோடு 1850-இல் எழுதிய நூலை, டி மார்கன் என்னும் ஆங்கிலக் கணித அறிஞர் 1859-இல் இலண்டனில் மறுபதிப்புச் செய்தார். ஒரு தக்கிணத்துப் பண்டிதரின் நூலை ஆக்ராவும் தில்லியும் இவ்வாறு விடாமல் கையில் ஏந்தி வந்திருக்கின்றன. அந்த வழியில் எங்கோ ஒரு கதையும் வந்து ஒட்டிக்கொண்டது. கதையை இயற்றியவரின் நெஞ்சு ஈரமானது. எனினும் சிறுமியின் அறிவுக்கு உரிய நூல், மணம் தவறிப்போனதற்குக் கிடைத்த ஈடு என்று ஆகிவிடுவதை இப்போது நினைத்தால் மனம் ஒப்பவில்லை.

அடுத்த ஞாயிறு கிட்வாய் நகர் வகுப்பில், சென்ற வாரம் சொன்ன கதை பாஸ்கரர் எழுதியதன்று, பின்னர் வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிட்டேன். பிள்ளைகளுக்கு ஏமாற்றந்தான். சிறு பையன் ஒருவன், அப்படியானால் முத்து என்னவாயிற்று என்று திரும்பத் திரும்பக் கேட்டான். கேள்வி கேட்ட சிறுமி முத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. வண்டுக் கணக்கை இரண்டாம் முறை மெதுவாகச் சொல்லச் சொன்னாள். பஜனைப் புத்தகத்தின் பின்னட்டையில் எதையோ எழுதினாள், அடித்தாள், மறுபடி எழுதினாள். இதற்குள் மற்ற பிள்ளைகள் கோலமாவு வாங்கி வந்து தரையில் முறிந்த மூங்கிலை வரைந்து, ஒரு முழத்துக்கு ஒரு விரற்கடை என்று வைத்து அளக்கத் தொடங்கிவிட்டார்கள். பன்னிரண்டு விரற்கடை சரியாக வந்தபோது எழுந்த கூச்சலில், பதினைந்து என்று அவள் சொன்னது அடியேனுக்கு முதலில் காதில் விழவில்லை. அன்று தீபாராதனை முக்கால் மணி நேரம் தாமதமாயிற்று.